ஒரே விபத்து, மூன்று மரணம், இரண்டு சம்பந்தியம்மாக்கள்: கொழிஞ்சாம்பாறை எல்லையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகும் சாலையில், கேரளப் பக்கத்தில், இரவு 9.10க்கு ஒரு காரும் லாரியும் மோதுகின்றன. காரை ஓட்டியவர் 36 வயதுத் தேங்காய் வியாபாரி, கோபாலபுரத்துக்காரர். பக்கத்தில் அவர் மனைவி, 29 வயது, கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவர், அரசு உதவி பெறும் பள்ளியில் நிரந்தர ஆசிரியை, 34 வாரக் கர்ப்பிணி. 108 ஆம்புலன்ஸ் 9.22க்கு மனைவியை ஏற்றி 9.58க்குப் பாலக்காட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கிறது. 10.05க்கு அவர் இறக்கிறார். 10.09க்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கிறார்கள். 10.31க்கு முயற்சியை நிறுத்துகிறார்கள். கணவர் கார் இடிபாட்டில் சிக்கியிருந்தார். தீயணைப்பு வீரர்கள் 9.50க்கு வெளியே எடுக்க, தனியார் ஆம்புலன்ஸ் அவரை எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோகிறது. 10.25க்கு அங்கே பதிவேட்டில் ஏறியது: ‘கொண்டு வரும்போதே உயிரில்லை.’

இது மாதிரி நிகழ்வு. பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கத்து வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே குடும்பத்தில் சேர்த்துக் கட்டியது. ஊர்கள் உண்மை, ஆட்கள் கற்பனை, சட்டம் உள்ளபடி.

மிஞ்சியிருப்பவர்கள் நால்வர். கணவர் பக்கம் விதவைத் தாயும் ஒரு தம்பியும். மனைவி பக்கம் விதவைத் தாயும் ஒரு அண்ணனும். உயில் யாரும் எழுதவில்லை. சொத்து இவ்வளவு: கணவர் வாங்கிய 2 ஏக்கர் தென்னந்தோப்பு, மனைவியை நாமினியாகக் காட்டிய 20 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு. மனைவி பெயரில் கொழிஞ்சாம்பாறையில் 55 சென்ட். அதில் 40 சென்ட், அப்பா உயிரோடிருந்தபோது தன நிச்சய ஆதாரம் (சொத்தை உடனே மாற்றித் தரும் பத்திரம்; கேரளத்தில் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள்) எழுதிக் கொடுத்தது. மீதி 15 சென்ட், அவர் இறந்தபின் பாகமாக வந்தது. கூடவே கணவரை நாமினியாக வைத்த 6 லட்சம் வங்கி வைப்பு, நகைகள்.

துக்கம் முடியும் முன்பே இரு வீட்டிலும் ஒரே கேள்விதான் எழும்: முதலில் யார் போனது? அந்தக் கேள்விக்கு மக்கள் கொடுக்கும் முக்கியத்துவம் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது என்பதைக் காட்டுவதற்கே இந்த ஆய்வு.

நேரத்தை எங்கே தேடுவது

இறப்புச் சான்றிதழில் தேடிப் பயனில்லை. அதில் தேதியும் இடமும் இருக்கும், மணி இராது. மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ள 10.25 என்பது மருத்துவர் பார்த்து அறிவித்த நேரம், உயிர் பிரிந்த நேரம் அன்று. பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறந்து எத்தனை மணி ஆயிற்று என்று ஒரு வரம்பைத்தான் சொல்லும். ‘6 முதல் 12 மணி நேரத்துக்குள்’ என்று எழுதியிருக்கும் அறிக்கையை வைத்து அரை மணி நேரச் சண்டையைத் தீர்க்க முடியாது. அதைத் தீர்க்கக்கூடியவை வேறு காகிதங்கள்: ஆம்புலன்ஸ் ஊழியர் நாடி, மூச்சு, கண் பாவை பார்த்துக் குறித்த தாள், தீயணைப்பு நிலையத்தின் அழைப்புப் பதிவு, இடிபாட்டில் சிக்கியவர் கடைசியாகப் பேசியதைக் கேட்டவரின் வாக்குமூலம், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. நம் நிகழ்வில் 9.40க்குக் கணவர் தண்ணீர் கேட்டார் என்று தீயணைப்பு வீரர் சொல்கிறார். 9.52க்கு நாடி கிடைக்கவில்லை என்று ஆம்புலன்ஸ் ஊழியர் எழுதியிருக்கிறார். அந்தத் தாள் நீதிமன்றத்தில் நின்றால், கணவர் மனைவிக்கு முன்பே இறந்தார் என்பது உறுதிப்படும்.

நாடி கிடைக்கவில்லை என்பதும் இறந்துவிட்டார் என்பதும் ஒன்றல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்பது நியாயமும்கூட. இருட்டில், மழையில், ஓடும் வண்டியில் ஒருவர் தொட்டுப் பார்த்த நாடி அது. அந்தத் தாள் நிற்காமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 21ஆம் பிரிவு வருகிறது. யார் முந்தி, யார் பிந்தி என்று தெரியாத நிலையில் இருவர் இறந்தால், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும் வரை, இளையவர் மூத்தவருக்குப் பின் வாழ்ந்திருந்ததாகக் கொள்ள வேண்டும். மனைவி 7 வயது இளையவர். ஆக, சாட்சி நின்றாலும் விழுந்தாலும் இங்கே விடை ஒன்றே: கணவர் முதலில்.

ஒருவர் வென்டிலேட்டரில் இருந்திருந்தால் நேரம் இன்னும் சிக்கலாகும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969 மரணத்தை உயிரின் எல்லா அடையாளமும் நிரந்தரமாக மறைவது என்கிறது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவையும் அதற்குள் சேர்க்கிறது. அந்தச் சோதனை குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நடக்க வேண்டும். அத்தகைய வழக்கில் நான்கு மருத்துவர்கள் ஒப்பமிட்ட படிவத்தின் நகலை வாங்காமல் எந்த நேரத்தையும் மனுவில் எழுதக் கூடாது.

பதிவு எங்கே நடக்க வேண்டும் என்பதும் எல்லைப் பகுதியில் தவறும். மனைவியின் இறப்பு, மருத்துவமனை உள்ள பாலக்காட்டில் பதிவாகும். கணவர் வண்டி ஓடும்போது இறந்திருந்தால், விதிப்படி முதலில் நிற்கும் இடத்தில் தகவல் தர வேண்டும், அதாவது பொள்ளாச்சியில். சம்பவ இடத்திலேயே இறந்தார் என்றால் கேரளத்தின் உள்ளாட்சிப் பதிவாளர். எஃப்.ஐ.ஆரில் ‘சம்பவ இடத்தில் மரணம்’, சான்றிதழில் ‘பொள்ளாச்சி’ என்று இருந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கும். மலையாளத்தில் உள்ள மகசரும் (போலீஸ் சம்பவ இடத்தில் எழுதும் அறிக்கை) தமிழில் உள்ள காகிதங்களும் ஒரே கோப்பில் வருவதால், மொழிபெயர்ப்பை முதல் மாதத்திலேயே எடுத்துவைப்பது நல்லது.

சண்டை போட்டும் கணக்கு மாறாது

இனி, கணக்கை இரு வழியிலும் போட்டுப் பார்க்கலாம். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

கணவர் முதலில் இறந்தார் என்றால், அவர் தோப்புக்கு முதல் வகுப்பு வாரிசுகள் தாயும் மனைவியும், ஆளுக்குப் பாதி. மனைவி பிறகு இறக்கிறார், குழந்தை இல்லை. கணவரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த பாதி, அதே இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15(2)(ஆ) பிரிவின்படி கணவரின் வாரிசுக்கே திரும்பும். ஆக, தோப்பு முழுக்கக் கணவரின் தாய்க்கு. மனைவியின் சொந்தச் சம்பாத்தியமான வைப்பும் நகையும் 15(1)படி போகும். முதல் வரிசை பிள்ளைகளும் கணவரும், யாரும் இல்லை. இரண்டாம் வரிசை கணவரின் வாரிசுகள். பெற்ற தாய் மூன்றாம் வரிசையில்தான் நிற்கிறார். மகள் பள்ளியில் பாடம் நடத்திச் சேர்த்த 6 லட்சம் மாமியாருக்கு. சொந்தச் சம்பாத்தியமும் இந்த வரிசையில்தான் போகும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் ஓம் பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில், கணவர் இறந்தபின் புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டுத் தாய்வீட்டில் படித்து வேலைக்குப் போன பெண்ணின் சேமிப்பு, அதே புகுந்த வீட்டாருக்கே போயிற்று. சட்டம் இப்படி இருப்பது அநீதி என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் இன்று நீதிமன்றத்தில் செல்லுபடியாவது இதுதான்.

மனைவி முதலில் இறந்தார் என்று திருப்பிப் போட்டால்? அவர் வைப்பும் நகையும் கணவருக்குப் போகும். கணவர் சில நிமிடம் கழித்து இறந்ததும் அவர் தாய்க்கு. தோப்பும் தாய்க்கு. முடிவில் எல்லாம் அதே கையில். சாதாரண இந்துக் குடும்பத்தில், பிள்ளை இல்லாத நிலையில், ‘யார் முதலில்’ என்று பத்து ஆண்டு வழக்காடினாலும் கடைசி வரி மாறாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நேரத்தை மெய்ப்பிக்கச் செலவழிப்பது வீண்.

15 சென்டும் 40 சென்டும்

ஒரே அப்பா, ஒரே தோப்பு, ஒரே வரப்பு. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டு துண்டு. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இல்லையென்றால், 15(2)(அ)படி அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆகவே 15 சென்ட் மனைவியின் தாய்க்கும் அண்ணனுக்கும் சரிபாதி. 40 சென்ட் திரும்பாது. அது வாரிசாக வந்ததல்ல, ஆதாரம் எழுதிக் கொடுத்தது. ‘வாரிசுரிமையாக’ என்ற சொல்லுக்குள் தானமும் தன நிச்சயமும் அடங்காது என்பதே பெரும்பாலான தீர்ப்புகளின் நிலை. அந்த 40 சென்ட், பொதுவரிசைப்படி, கணவரின் தாய்க்குப் போகிறது.

மகளுக்குக் கல்யாணத்தின்போதே நிலத்தை எழுதிக் கொடுக்கும் பழக்கம் சித்தூர் தாலுகாவின் தமிழ்ப் பஞ்சாயத்துகளில், வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம், பரவலாக உண்டு. பாசத்தால் முன்கூட்டிக் கொடுத்த அப்பா, கொடுக்காமல் விட்ட அப்பாவைவிட மோசமான நிலையில் குடும்பத்தை விட்டுப்போகிறார். இதற்கு ஆதாரம் எழுதும்போதே வழி உண்டு. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, தானம் வாங்கியவரும் அவர் சந்ததியும் கொடுத்தவருக்கு முன் இறந்தால் சொத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை, வாங்குபவர் ஒப்புதலோடு, எழுதிவைக்க அனுமதிக்கிறது. கொடுத்தவர் உயிரோடிருக்கும் வரைதான் அது உதவும். நம் நிகழ்வில் அப்பா முன்பே போய்விட்டதால் அதுவும் உதவியிருக்காது. மகளே உயில் எழுதியிருந்தால் மட்டும்தான்.

குழந்தை மூச்சு விட்டதா

இங்கேதான் கணக்கு நிஜமாகவே புரளும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, ஒருவர் இறக்கும்போது கருவில் இருந்து பின் உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு, முன்பே பிறந்திருந்தால் கிடைக்கும் அதே உரிமை உண்டு. எத்தனை நேரம் வாழ்ந்தது என்று சட்டம் கேட்பதில்லை, உயிரோடு பிறந்ததா என்றுதான் கேட்கிறது. பதிவுச் சட்டத்தின்படி, தாயின் உடலிலிருந்து முழுவதும் வெளியே வந்தபின் மூச்சோ உயிரின் வேறு அடையாளமோ தெரிந்தால் அது உயிர்ப்பிறப்பு. கர்ப்பகாலம் எவ்வளவு என்பது பொருட்டல்ல.

நம் கோப்பில் இரண்டு காகிதம் ஒன்றோடொன்று மோதுகின்றன. பச்சிளங்குழந்தை மீட்புத் தாளில் ‘இதயத்துடிப்பு 40, ஒருமுறை மூச்சுத் திணறல், 10.31 நிறுத்தம்’ என்று இருக்கிறது. பிரசவப் பதிவேட்டில் ‘இறந்து பிறந்தது’. பதற்றமான இரவில் பதிவேடு எழுதுபவர் விளைவை மட்டும் கேட்டு எழுதிவிடுவது நடக்கக்கூடியதே. எந்தக் காகிதத்தை நம்புவது? அப்கார் எண்ணைப் பாருங்கள், பிறந்த குழந்தையின் துடிப்பு, மூச்சு முதலியவற்றைப் பார்த்துப் பத்துக்குப் போடும் மதிப்பெண் அது. முதல் நிமிட எண் 1 என்றிருந்தால், நூற்றுக்குக் குறைவான இதயத்துடிப்பாவது இருந்தது என்று பொருள். 0 என்றால் எதுவும் இல்லை. பிரேதப் பரிசோதனையில் நுரையீரலைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் சோதனையை இங்கே நம்பக் கூடாது. பையும் முகமூடியும் வைத்துக் காற்றைச் செலுத்தியிருந்தால், ஒருமுறைகூடத் தானாக மூச்சுவிடாத குழந்தையின் நுரையீரலும் மிதக்கும்.

உயிர்ப்பிறப்பு என்றால் பிறப்புப் படிவம் 1, இறப்புப் படிவம் 2, இரண்டும் எழுத வேண்டும். இறந்து பிறந்தது என்றால் படிவம் 3 மட்டும். தவறாகப் படிவம் 3 போயிருந்தால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின் கீழ்ப் பதிவாளரிடம் திருத்தம் கேட்கலாம். மீட்புத் தாளின் சான்றிட்ட நகல் இல்லாமல் அவர் தொடமாட்டார். மருத்துவ ஆவணத்தை, நோயாளி தரப்பில் உரியவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வைத்திருக்க வேண்டிய காலம் மூன்று ஆண்டுகள். அரசு மருத்துவமனையானால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம், 30 நாள்.

இப்போது கணக்கு. குழந்தை உயிரோடு பிறந்தது என்று மெய்ப்பித்தால், அப்பாவின் தோப்பில் மூன்றில் ஒரு பங்கு அதற்கு, அம்மாவின் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு. அம்மாவின் மற்ற எல்லாமும் அதற்கே. அந்த 15 சென்ட் உட்பட, ஏனெனில் 15(2)(அ) வேலை செய்வது பிள்ளை இல்லாதபோதுதான். 22 நிமிடம் கழித்துக் குழந்தை இறக்கிறது. பெண் குழந்தையானால், பெற்றோரிடமிருந்து வந்த சொத்து அதன் அப்பாவின் வாரிசுகளுக்கு, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு. ஆண் குழந்தையானால் இரண்டாம் வகுப்புப் பட்டியல்: அப்பாவின் தாய் ஐந்தாம் வரிசையில், அம்மாவின் தாய் எட்டாம் வரிசையில். எப்படிப் போட்டாலும் அம்மாவழிப் பாட்டிக்கு ஒன்றும் இல்லை. குழந்தை இறந்து பிறந்திருந்தால் அவருக்கும் மகனுக்குமாகக் கிடைத்திருக்கும் 15 சென்டும் கைவிட்டுப் போகிறது.

‘என் பேத்தி மூச்சு விட்டாள்’ என்று மனைவியின் தாய் நிலைநாட்ட விரும்புவார். அது அவர் மனசு. அதைத் தடுக்க எந்த வக்கீலுக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த மனுவில் கையெழுத்து வாங்கும் முன், அதன் விளைவை நிலவரைபடத்தை விரித்துக் காட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வாங்கும் கையெழுத்து துரோகம்.

தறவாட்டுப் பெண்ணானால்

பாலக்காட்டில் இதுவரை சொன்ன கணக்கை எல்லாக் குடும்பத்துக்கும் போடக் கூடாது. மனைவி மருமக்கத்தாய வழியில் (பெண்வழி வாரிசு முறை; அந்தக் கூட்டுக் குடும்பமே தறவாடு) வந்த குடும்பத்தில் பிறந்தவரானால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வரிசையையே மாற்றிவிடுகிறது. முதலில் பிள்ளைகளும் பெற்ற தாயும். அடுத்து அப்பாவும் கணவரும். பிறகு தாயின் வாரிசுகள், அப்பாவின் வாரிசுகள். கணவரின் வாரிசுகள் கடைசி. அதே 40 சென்ட், அதே 6 லட்சம், அதே நகை, முழுவதும் மனைவியின் தாய்க்கு. குழந்தை உயிரோடு பிறந்திருந்தாலும் தாய்க்குப் பாதி.

இந்த இடத்தில் நிமிடங்களுக்கு விலை வருகிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் நாமினியானால் பணத்துக்கே உரியவராக்குகிறது. பாலிசிதாரர் இறந்தபின், பணம் வருமுன் அந்த நாமினி இறந்தால், நாமினியின் வாரிசுகளுக்குப் போகும். கணவர் 9.52க்கு, மனைவி 10.05க்கு என்றால், 20 லட்சம் மனைவியின் சொத்து. தறவாட்டுக் குடும்பமானால் அது மனைவியின் தாய்க்கு. மனைவி முதலில் என்றால் கணவரின் தாய்க்கு. 13 நிமிடத்துக்கு 20 லட்சம். ஆம்புலன்ஸ் தாளுக்காக அலைவது இங்கே வீண் அல்ல. நாமினிக்கு முழு உரிமை உண்டா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2025இல், வாரிசுகள் உரிமை கோரினால் நாமினி விலக வேண்டும் என்ற பக்கம் நின்றது. அதனால் நாமினி வாதத்தோடு வாரிசு வாதத்தையும் மனுவில் சேர்த்தே எழுத வேண்டும்.

17ஆம் பிரிவை நம்பி வருபவர், தம் குடும்பம் அந்த வழியில் வந்தது என்பதைப் பழைய பாக ஆதாரம், தறவாட்டு வழக்குத் தீர்ப்பு போன்றவற்றால் மெய்ப்பிக்க வேண்டும். கேரளத்தில் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. கொழிஞ்சாம்பாறைத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் மக்கத்தாயமே, அதாவது ஆண்வழியே.

ராவுத்தர் குடும்பமானால் வேறு உலகம். இஸ்லாமியச் சட்டத்தின் ஹனஃபி முறையில், யார் முதலில் என்று தெரியாமல் இறந்தவர்கள் ஒருவருக்கொருவர் வாரிசாவதில்லை. அவரவர் சொத்து அவரவர் உயிரோடுள்ள உறவுக்கு. மகளுக்குப் பிள்ளை இல்லை, உடன்பிறந்தவர் ஒருவரே என்றால் தாய்க்கு மூன்றில் ஒன்று, மீதி அண்ணனுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 21ஆம் பிரிவு போன்ற அனுமானம் இல்லை. உயில் எழுதியவரும் பெறுபவரும் ஒரே கப்பல் விபத்தில் மாண்டு, முந்தியவர் யாரென்று தெரியாவிட்டால் அந்தக் கொடை செல்லாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு எடுத்துக்காட்டே தருகிறது.

வங்கி நாமினியைப் பற்றி ஒரு வரி போதும்: அவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், உரியவர் அல்ல.

இழப்பீடு வேறு பானை

மனைவியின் தாய்க்கு உண்மையான பாதுகாப்பு வாரிசுரிமையில் இல்லை, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. சார்ந்திருந்தோரின் இழப்புக்காகத் தரும் தொகை இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து அல்ல, ஆகவே வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதைத் தொடாது. இழப்பீடு கேட்கக்கூடியவரைக் குறிக்கும் ‘சட்டப் பிரதிநிதி’ என்ற சொல்லை விரிவாகப் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் என். ஜெயஸ்ரீ வழக்கில் சொன்னது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு. இறந்தவரோடு வாழ்ந்த மாமியார், அதாவது இறந்தவருடைய மனைவியின் தாய், உரிமை கோரலாம் என்று ஏற்றது. மகளை நம்பியிருந்த தாய்க்கு அதைவிட நேரடியான நிலை.

கணக்கு இப்படிப் போகும். மனைவியின் மாதச் சம்பளம் 36,000 என்று வைத்துக்கொள்வோம். நிரந்தர வேலை, 40 வயதுக்குக் கீழ்: எதிர்கால உயர்வுக்கு 50 சதவீதம் சேர்த்து 54,000. ஆண்டுக்கு 6,48,000. வயது 29க்குப் பெருக்கல் எண் (ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பது) 17. 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகள் தந்த சூத்திரம் இது. பெருக்கல் எண் இறந்தவரின் வயதுக்கு, கேட்பவரின் வயதுக்கு அல்ல. எதிர்த்தரப்பு ‘தாய்க்கு 58 வயது, 9 போதும்’ என்று எழுதினால் உடனே மறுக்க வேண்டும். இறந்தவரின் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒன்று கழித்தால் 73,44,000. பாதி கழித்தால் 55,08,000. வித்தியாசம் 18,36,000 ரூபாய். சார்ந்திருந்தவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து அந்தக் கழிவு முடிவாகும். மகள் கணக்கிலிருந்து தாய் கணக்குக்கு மாதாமாதம் போன பணம், மருந்துக்கடை ரசீது, ரேஷன் கார்டு, எல்லாம் வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்குக் காகிதம் இல்லை என்பதுதான் வழக்கமாகக் கேஸ் விழும் இடம். மாமியாரும் சார்ந்திருந்தவர் என்று சேர்த்து இரு தாய்மாரும் ஒரே மனுவில் வந்தால் கழிவு குறைய வாய்ப்பு கூடும். தனித்தனியே எதிரெதிராக வந்தால் இருவரும் இழப்பார்கள். பிள்ளையை இழந்த துணையிழப்புக்கு 40,000, ஈமச்செலவுக்கும் சொத்திழப்புக்கும் தலா 15,000. மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடுவதால், 2023 அக்டோபருக்குப் பின் 48,400, 18,150 என்று கேட்க வேண்டும்.

விபத்தில் கணவர்மீதும் 30 சதவீதத் தவறு என்று முடிவானால், அவர் மரணத்துக்கான தொகையில் 30 சதவீதம் குறையும். மனைவி ஓட்டவில்லை, பயணி. அவருக்கு இரு வண்டிக்காரரின் கூட்டுத் தவறு. 2015 கென்யெய் தீர்ப்பின்படி, முழுத்தொகையையும் லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே வாங்கலாம். இரண்டு மரணத்துக்கும் ஒரே மனு போட்டு இந்த வேறுபாட்டைத் தொலைப்பவர்கள் உண்டு. தனித்தனி மனு போட வேண்டும். கணவர் தம் பெயரில் உள்ள காரை ஓட்டியதால், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச விபத்துக் காப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அதை யாரும் தானாகக் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

குழந்தை இறந்து பிறந்திருந்தாலும் சில உயர் நீதிமன்றங்கள், வெளியே வாழக்கூடிய வளர்ச்சி அடைந்த கருவுக்கு இழப்பீடு தந்திருக்கின்றன. 34 வாரம் என்பதைக் காட்டும் கடைசி ஸ்கேன் அறிக்கை கோப்பில் இருக்கட்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் மனுவுக்குக் காலவரம்பு 6 மாதம். அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அதை நம்பித் தாமதிக்கக் கூடாது. காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அவை வந்துவிட்டதா என்று கேட்டுவைப்பது கேட்பவர் வேலை. மனுவை விபத்து நடந்த இடமான பாலக்காட்டிலும் போடலாம், கணவரின் தாய் வசிக்கும் கோவை மாவட்டத்திலும் போடலாம். சாட்சிகள், கேரளக் காவல்துறை, மருத்துவர் எல்லாரும் பாலக்காட்டில் இருப்பதால் அங்கே போடுவதே சரி என்பது எங்கள் கருத்து.

உயில் இருந்திருந்தால்

ஒரு தாள், இரண்டு சாட்சி. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயம் இல்லை. செய்துவைத்தால் நல்லது. 2025இல் உச்ச நீதிமன்றமே, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவை எதிர்த்த ஒரு வழக்கை முடிக்கும்போது, பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எழுதும்போது ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘என் கணவர் எனக்குப் பின் 30 நாள் உயிரோடிருந்தால் மட்டும் அவருக்கு, இல்லையேல் என் தாய்க்கு.’ இங்கிலாந்தில், உயில் இல்லாதபோது துணைவர் 28 நாள் பிழைத்திருந்தால்தான் வாரிசு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 120 மணி நேரம். நம் சட்டத்தில் அப்படி ஒரு காலம் இல்லை, ஒரு நிமிடமும் போதும். அந்தக் குறையை அவரவர் உயில்தான் அடைக்க வேண்டும்.

உயில் இல்லாத இந்தக் குடும்பத்துக்கு மிச்சமிருப்பது பேச்சுவார்த்தை. கணவரின் தாய் 40 சென்டை விட்டுக்கொடுக்க மனம் வைத்தால், மனைவியின் தாய் தோப்பு, காப்பீடு பற்றிய வழக்கை விடலாம். இழப்பீட்டு மனுவில் இருவரும் ஒன்றாக நிற்கலாம். ஆனால் விட்டுக்கொடுக்கும் முன் அந்த 40 சென்ட் அவர் பெயருக்கு வந்தாக வேண்டும். கேரளத்தில் வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபத்துக்குக் காத்திருப்பார், மாதங்கள் ஓடும். அது வந்தபின் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு, அதாவது பதிவேட்டில் பெயர் மாற்றம். அதற்குப் பிறகே ஒழிமுறி (விடுதலைப் பத்திரம்) எழுத முடியும். சம்பந்தி வீட்டுக்கு எழுதும் ஒழிமுறிக்கு எவ்வளவு முத்திரைத் தீர்வை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிட்டு, அதை யார் கட்டுவது என்றும் பேசிவைக்க வேண்டும். வைப்புத்தொகைக்கு வாரிசுரிமைச் சான்றிதழை, மனைவி வழக்கமாக வாழ்ந்த இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பின் கோபாலபுரத்தில் வாழ்ந்தவரானால் அது கோவை, பாலக்காடு அல்ல. ஒருமுறை வாங்கினால் இந்தியா முழுதும் செல்லும், ஆனால் நிலத்துக்குச் செல்லாது. சமரசத்தை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்வதானால் பிளாக் எண், ரீசர்வே எண், நான்கெல்லை, பரப்பு எல்லாவற்றையும் ஆதாரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். ‘கொழிஞ்சாம்பாறையில் உள்ள 40 சென்ட்’ என்று மட்டும் இருந்தால் வில்லேஜ் ஆபீஸர் போக்குவரவுக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதே அப்பாவிடமிருந்து பாகமாக வந்த 15 சென்டும் அதே வரப்புக்குள் இருப்பதால், எந்தத் துண்டு யாருக்கு என்பதைச் சர்வேயர் அளந்து கல் நட்ட வரைபடமும் கூடவே இருக்க வேண்டும்.